பச்சைத் துணிக்கு அடியில்

அத்தியாயம் 11

போன வாரம் வண்டிக்காரர்கள் கடை நடுவில் இறக்கி வைத்துவிட்டுப் போன நாற்காலி இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது. யாரும் அதை ஓரமாகத் தள்ளவில்லை. தள்ள வேண்டுமானால் தொட வேண்டுமே.

பார்வைக்குச் சாதாரண குஷன் நாற்காலிதான். பச்சைத் துணி, கை வைத்துக்கொள்ள அகலமான மரம், ஸ்பிரிங் தளர்ந்து ஒரு பக்கம் பள்ளம். இந்த மாதிரி எத்தனையோ நாற்காலிகள் இந்தக் கடைக்கு வந்து, புதுச் சட்டை மாட்டிக்கொண்டு மிடுக்காகத் திரும்பிப் போயிருக்கின்றன. அவையெல்லாம் அத்தை வீட்டு நாற்காலி இல்லை. செத்துப்போன நெட்டை மாமா உட்கார்ந்த நாற்காலியும் இல்லை.

ஊசி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஊசி என்பது அவள் சொந்தப் பெயர் இல்லை. உடம்பும் ஒல்லி, கேள்வி கேட்டாலும் சுருக்கென்று இருக்கும் என்பதால் சின்ன வயதில் அத்தை வைத்த பெயர். அத்தை இந்த வாசலை மிதித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வைத்த பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

நெட்டை மாமா அத்தையின் புருஷன். இந்தக் குஷன் கடையில் ஊசியின் அப்பாவுக்குப் பாதிப் பங்காளி. ஒரு நாள் காலையில் கடையின் பின்னறையில் உச்சந்தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். பக்கத்தில் கடையின் மரச்சுத்தியல். பூட்டு உடைபடவில்லை. கடைக்கு இரண்டே சாவிகள், ஒன்று அப்பாவிடம், ஒன்று மாமாவிடம். மாமாவின் பையில் சாவி இல்லை. அப்படியானால் கதவைத் திறந்தது அப்பாதான் என்று போலீஸ் முடிவு கட்டியது. கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தது. கடைசியில் சாட்சி இல்லை என்று விட்டுவிட்டது.

போலீஸ்தான் விட்டது, ஊர் விடவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கூடப் பிறந்த தங்கையே அண்ணன் முகத்தில் விழிக்கவில்லை என்றால் சும்மாவா என்று ஊர் கேட்டது. ஊருக்குப் பதில் சொல்ல ஊசியிடம் ஒன்றும் இல்லை. அப்பா மரச்சுத்தியலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவளுக்கும் அதே கேள்விதான். இந்தக் கை அடித்ததா, இல்லையா? ஊரெல்லாம் சுருக்கென்று கேட்கிறவளுக்கு, பெற்ற அப்பாவிடம் அதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

இப்போது அத்தை ஊரை விட்டே போகிறாள். வீட்டை விற்றாகிவிட்டது. மகன் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறான், இனி திரும்பி வரப்போவதில்லை. போகிற நேரத்தில்தான் நாற்காலியை அனுப்பிவிட்டு, கடைக்குப் போன் செய்திருந்தாள். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் பேசியது இவ்வளவுதான்.

"ஊசிதான் அதைப் பிரிக்கணும். அண்ணன் கை படக்கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் நானே வந்து பார்க்கிறேன்."

இன்று சனிக்கிழமை.

"பல் டாக்டர் வரச் சொல்லியிருக்கார்" என்றார் அப்பா. "நோயாளிங்க உட்கார்ற நாற்காலியெல்லாம் கிழிஞ்சுபோச்சாம். அளவெடுத்துட்டு வந்துடறேன்."

"போய்ட்டு வாங்கப்பா."

அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர், அங்கேயே நின்றார்.

"அந்த நாற்காலி..."

"ம்?"

"அடிப்பக்கமா ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டிடு. மேல புதுத் துணியைப் போட்டு அனுப்பிடு. பழசை உரிக்காதே."

பழசை உரிக்காதே என்பது இந்தக் கடையின் வேதவாக்கு. பழைய துணி இத்துப்போகாமல் இருந்தால் அதன் மேலேயே புதுசைப் போட்டுத் தைப்பார்கள். அடித்துணி நாற்காலியின் வளைவு நெளிவுக்குப் பழகியிருக்கும், அதன் மேல் போட்டால் புதுத்துணி நழுவாமல் உட்காரும் என்பது கடையை ஆரம்பித்த காலத்திலிருந்து வரும் நம்பிக்கை. வேறு எந்தக் கடையிலும் இப்படி ஒரு வழக்கம் கிடையாது. நாற்காலிக்கு ஸ்வெட்டர் மாட்டுகிற கடை என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அதனால் அப்பா சொன்னதில் புதுசாக ஒன்றும் இல்லை. ஆனால் தெருவில் இறங்கியவர் திரும்பி வந்து, "உரிக்காதே, என்ன?" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனார். அதுதான் ஊசிக்குக் குடைந்தது.

அத்தை பிரிக்கச் சொல்கிறாள். அப்பா பிரிக்காதே என்கிறார். இரண்டு பேர் சொல்வதையும் ஒரே நாற்காலியில் எப்படிக் காப்பாற்றுவது? ஊசி கொஞ்ச நேரம் யோசிப்பது போல் பாவனை செய்தாள். அப்புறம் ஆணி பிடுங்குகிற குறட்டை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

அங்கே ஆணியே இல்லை. ஓரம் முழுக்கக் கைத்தையல்.

அப்பா கையால் தைக்கிறவர் இல்லை. சாய்மானத்தின் பின்பக்கம் என்றால் அவர் வரிசையாக ஆணி அடித்து முடித்துவிடுவார். அந்தக் காலத்தில் கடையில் கைத்தையல் போட்டது ஒரே ஒரு ஆள். ஊசி தையலின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். தையல் முடிகிற இடத்தில் குட்டியாக ஒரு பெருக்கல் குறி.

அவளுக்கு அந்தக் குறி நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடச் சீருடையின் ஓரத்தில் இருந்தது, புத்தகப் பையின் வாரில் இருந்தது, தலையணை உறையில் இன்றைக்கும் இருக்கிறது. "முடிச்சு போட்டா ஒரு நாள் அவுந்துடும், இது அவுறாது" என்பாள் அம்மா.

அம்மா தைத்த பச்சைத் துணி. சரி, எப்போது தைத்தாள்?

ஊசி தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தாள். கடைக்காரர்கள் இரண்டு பேரும் இருக்கிற பழைய போட்டோ ஒன்று அங்கே தொங்கியது. மாமா சாவதற்கு முந்தின வாரம், அவர் வீட்டில் எடுத்தது. அவர் இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அப்பா பக்கத்தில் நிற்கிறார். உட்கார்ந்திருந்தும் மாமாவின் தலை, நிற்கிற அப்பாவின் தோளை எட்டுகிறது. மாமாவின் தோள் சாய்மானத்தைத் தாண்டி மேலே நிற்கிறது. அந்த நாற்காலியின் துணி பச்சை இல்லை. கோடு போட்ட துணி.

அப்படியானால் பச்சை வந்தது போட்டோவுக்கு அப்புறம். மாமா போன நாளிலிருந்து அம்மாவும் அத்தையும் ஒருவருக்கொருவர் பேசியதே இல்லை என்பது ஊரறிந்த சங்கதி. பேசாதவள் வீட்டு நாற்காலிக்கு எந்த மகராசி போய்த் துணி தைப்பாள்?

ஊசி பிளேடை எடுத்துத் தையலை அறுத்தாள். பின்பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்து, சாய்மானத்தின் முன்பக்கத் துணியையும் மெல்லத் தூக்கினாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே கிளம்பியது கறை.

கோடு போட்ட துணியில், சாய்மானத்தின் வலது பக்கம், காய்ந்து கறுத்துப்போன பெரிய கறை. கறைக்கு நடுவில் ஒரு கிழிசல். நைந்து போன கிழிசல் இல்லை, கத்தி இறங்கிய கிழிசல். தோல் வெட்டுகிற கத்தியின் அகலம் அவளுக்குத் தெரியாதா? தினமும் கையில் பிடிக்கிறவள்.

மாமாவை இங்கேதான் குத்தினார்களா? ஆனால் மாமா உடம்பில் கத்திக் காயம் எதுவும் கிடையாதே. தலையில் விழுந்த ஒரே அடியில் போனவர் அவர்.

அவள் எழுந்து முன்பக்கம் வந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்து, கையைப் பின்னால் விட்டு அந்தக் கிழிசலைத் தடவிப் பார்த்தாள். அது அவளுடைய வலது தோளுக்கு நேராக இருந்தது. மாமா உட்கார்ந்திருந்தால் அந்த இடம் விலாவுக்கு வந்திருக்கும். ஊசி மாமாவின் உயரம் இல்லை. அவள் அப்பாவின் உயரம்.

அப்பாவின் வலது கை தோளுக்கு மேல் எழாது. பரண் மேலிருக்கும் ஸ்பிரிங் கட்டை எடுக்க வேண்டுமானால் ஊசிதான் ஏறுவாள். ஏணியிலிருந்து விழுந்ததில் அப்படி ஆகிவிட்டது என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கும் அந்த ஏணியையே பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

"எழுந்திருடி அதுல இருந்து!"

வாசலில் அம்மா. கையில் சாப்பாட்டு கேரியர். ஊசி எழுந்திருக்கவில்லை.

"இது உன் தையல்தானேம்மா?"

அம்மா உள்ளே வந்தாள். கேரியரை மேஜையில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். கிழிசலைப் பார்த்தாள், கறையைப் பார்த்தாள், தரையில் கிடந்த பச்சைத் துணியைக் குனிந்து எடுத்து மடித்தாள். எந்த நேரத்திலும் துணி தரையில் கிடக்கக் கூடாது அம்மாவுக்கு.

"யார் ரத்தம் இது?"

"எலி ரத்தம்."

"அம்மா!"

"பின்ன என்னடி? போலீஸ்காரன் கேட்காத கேள்வியெல்லாம் நீ கேளு."

"அப்பா ரத்தம்தானே?"

அம்மாவின் கை மடிப்பதை நிறுத்தியது. மறைக்கத் தெரியாத முகம் அவளுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இத்தனை வருஷம் பட்ட பாடு அதில் அப்படியே தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்க மாமா கை நீட்டுவாரு. தெரியுமா உனக்கு?"

"அத்தையையா?"

"அத்தையைத்தான். அன்னைக்கு அவ பல்லு ஒண்ணு விழுந்துடுச்சு. உங்கப்பா கடையைப் பூட்டிட்டு நேரா அங்க போனாரு, கேட்டுட்டு வரேன்னு. இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்காரு. பேசிட்டே இருந்த உங்க மாமா கத்தியை எடுத்துட்டு வந்து இறக்கிட்டான். தோளைக் கிழிச்சுட்டு நாற்காலியில குத்தி நின்னுச்சாம். ரத்தத்தைப் பார்த்ததும் பயந்துட்டான். அப்படியே ஓடிட்டான்."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும், மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போவான், தங்கச்சி நடுத்தெருவுல நிப்பான்னு உங்கப்பா பிடிவாதம். உங்க அத்தை ஓடி வந்து என்னைக் கூப்பிட்டா. நான் போய்..." அம்மா நிறுத்தினாள். "நான்தான் தச்சேன்."

"எதை? நாற்காலியையா?"

"உங்கப்பாவை."

ஊசியின் கண் மேஜை மேல் கிடந்த தையல் ஊசிகளுக்குப் போயிற்று.

"குஷன் தைக்கிற வளைஊசிதான். கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தேன். விடியற வரைக்கும் அவரு காய்ச்சல்ல கிடந்தாரு. எழுந்து உட்காரவே முடியலை. காலையில கடையில உங்க மாமா கிடக்கறான்னு சேதி வருது."

ஊசி நாற்காலியை விட்டு எழுந்தாள். விடியும்வரை அப்பா எழவே இல்லை. அந்தக் கை சுத்தியலைத் தூக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் புரண்டது. அழுகை வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

"இதை அன்னைக்கே போலீஸ்கிட்ட சொல்லியிருந்தா அப்பா மேல சந்தேகமே வந்திருக்காதேம்மா! காயத்தைக் காட்டியிருந்தாப் போதுமே!"

"காட்டினா எங்க பட்டதுன்னு கேப்பாங்க. உங்க அத்தை வீட்டுலன்னு சொல்லணும். அப்புறம் அவளைத்தானே பிடிப்பாங்க? கட்டு தெரியக் கூடாதுன்னு உங்கப்பா ரெண்டு சட்டை போட்டுட்டு ஸ்டேஷனுக்குப் போனாரு. வேர்த்துக் கொட்டுச்சு. தப்பு பண்ணினவன் எப்படி வேர்க்கறான் பாருன்னு சொன்னாங்களாம்."

"அப்போ மாமாவை அடிச்சது..."

"எனக்குத் தெரியாது." அம்மா கதவைப் பார்த்தாள், குரல் தணிந்தது. "தோளைத் தச்சு முடிச்சதும் உங்க அத்தை மருந்து வாங்கிட்டு வரேன்னு போனா. போனவ ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தா. நாங்க ஒரு வார்த்தை கேட்கலை. அவளும் சொல்லலை. அடிபட்டு அடிபட்டுச் செத்தவடி அவ. அவளைப் போய் என்னன்னு கேக்கறது?"

அப்புறம் ஊசிக்குள் இருந்த ஊசி எட்டிப் பார்த்தது.

"சரிம்மா. ரத்தக்கறைத் துணியை உரிச்சு எரிச்சிருக்கலாமே? எதுக்கு மேல போட்டுத் தச்சே?"

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"பழக்க தோஷம்டி! உங்க அத்தை ஜன்னல் திரைக்கு வாங்கி வச்சிருந்த பச்சைத் துணியை எடுத்து விடிய விடியத் தைக்கறேன், கை பாட்டுக்குத் தைக்குது. துணி இத்துப்போகலை, நல்லாத்தான் இருக்குன்னு மேலயே போட்டுட்டேன். வீட்டுக்கு வந்து பல் விளக்கும்போதுதான் உறைச்சுது. திரும்பிப் போகலாம்னா தெரு முழுக்கப் போலீஸ்."

உலகத்தில் வேறு யாராயிருந்தாலும் அந்தத் துணியைச் சாம்பலாக்கியிருப்பார்கள். இந்தக் குடும்பம்தான் கொலைச் சங்கதிக்கும் கடை வழக்கப்படி ஸ்வெட்டர் மாட்டி வைத்திருக்கிறது. ஊசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மாவுக்கும் வந்தன.

அப்பா திரும்பியபோது கேரியர் திறக்காமல் கிடந்தது. நாற்காலி உரிந்து நின்றது. அவர் கழுத்திலிருந்து நாடாவைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இடது கையால்.

"சொல்லிட்டியா?" என்றார் அம்மாவைப் பார்த்து.

"அவளே கண்டுபிடிச்சா. நான் கூடக் கொஞ்சம் சொன்னேன்."

"அப்பா, சட்டையைக் கழட்டுங்க" என்றாள் ஊசி.

அப்பா மகள் முன்னால் சட்டையில்லாமல் நின்றதே கிடையாது. வெயில் கொளுத்தும் நாளில்கூடக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். இப்போது ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். வலது தோளிலிருந்து மார்பு வரைக்கும் ஒரு நீளத் தழும்பு. அது முடிகிற இடத்தில் குட்டியாக ஒரு பெருக்கல் குறி.

ஊசி அதைத் தொட்டாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா. நான் உங்களை..."

"தெரியும்மா. சுத்தியலை எடுக்கும்போதெல்லாம் நீ பார்க்கறதைப் பார்த்திருக்கேன்" என்றார் அப்பா. "என்ன பண்றது? அவ என் தங்கச்சி."

அவர் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது.

அத்தை மெலிந்து போயிருந்தாள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் சின்னப் பை. படியேறி வந்தவள் முதலில் நாற்காலியைப் பார்த்தாள், அப்புறம் ஊசியைப் பார்த்தாள்.

"பிரிச்சுட்டியா? நல்ல பொண்ணு." பிறகு அண்ணனைப் பார்த்தாள். "உன் கை படக்கூடாதுன்னு சொன்னதுக்குக் கோவிச்சுக்காதே. உன்கிட்ட விட்டா திரும்பவும் மேலயே ஒரு துணியைப் போட்டு அனுப்பிடுவே. அந்தப் பொண்ணு உன்னைக் கொலைகாரன்னு நினைச்சுக்கிட்டே வாழறதா? அதைப் பார்த்துட்டு என்னால ஊரை விட்டுப் போக முடியாது."

அத்தை நேராக அம்மாவிடம் போனாள். பையிலிருந்து எதையோ எடுத்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"அண்ணி, இதை இத்தனை வருஷமா யார் கண்ணுலயும் படாம வச்சிருந்தேன். இனிமே நீங்களே வச்சுக்கோங்க. எனக்காக நீங்க பண்ணினதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். உங்க முகத்தைப் பார்த்தா கால்ல விழுந்துடுவேனோன்னுதான் இந்தப் பக்கமே வரலை. விழுந்தா ஏன்னு ஊர் கேக்கும் இல்லையா?"

அம்மா கையைத் திறந்தாள். ஒரு சாவி. கடைச் சாவி. மாமாவுடையது.

"நான் என்ன பண்ணினேன்?" என்றாள் அம்மா.

"என்கிட்டயே மறைக்கணுமா அண்ணி? நான் மருந்துக்கு அலைஞ்சு திரிஞ்சு வரேன், ஒரு கடையும் திறந்திருக்கலை. வந்து பார்த்தா நீங்க இல்லை. கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்க ஓடி வந்தீங்க. அவரு சாவியை ஆணியிலயே விட்டுட்டுத்தான் ஓடினாரு. நீங்க அதை எடுத்துட்டுப் போய்க் கடையில அவரைப் பார்த்து..."

"அய்யோ! நான் வீட்டுக்குப் போனேன்டி! ஊசி தனியாத் தூங்கறாளேன்னு எட்டிப் பார்க்க ஓடினேன்! இந்தச் சாவியை நான் தொட்டதே இல்லை." அம்மா சாவியை உள்ளங்கையில் திருப்பிப் பார்த்தாள். "நீதான்னு நாங்க நினைச்சோம்."

"நானா?"

"மருந்து வாங்கப் போனவ அவ்வளவு நேரம் வரலையே. சாவியை நீதான் எடுத்துட்டுப் போயிருப்பேன்னு..."

"நான் எடுக்கலை அண்ணி. போகும்போதும் அது ஆணியில தொங்குச்சு, விடிஞ்சு பார்க்கும்போதும் அங்கயேதான் தொங்குச்சு. நீங்கதான் திரும்ப மாட்டியிருக்கீங்கன்னு நினைச்சேன்."

அத்தைக்காக அப்பா ஊரிடம் கெட்ட பெயர் வாங்கினார். அம்மாவுக்காக அத்தை பிறந்த வீட்டையே துறந்தாள். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து இத்தனை வருஷம் ஒதுங்கி வாழ்ந்திருக்கிறார்கள், அதுவும் எதுவுமே செய்யாத ஒருவருக்காக. அத்தை அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா" என்றாள் ஊசி. "உங்க சாவி?"

"என் சட்டைப் பையிலதான்."

"ஆமா" என்றாள் அம்மா, தட்டுவதை நிறுத்தாமல். "ரத்தத்தோட இருந்துச்சு. நான்தான் கழுவி வச்சேன்."

அப்பா அம்மாவின் கையிலிருந்து மாமாவின் சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெல்ல நடந்து போய், இத்தனை வருஷம் நினைக்கக்கூடப் பயந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கிழிசல் அவர் தோளுக்கு நேராக வந்து நின்றது.

"அன்னைக்குக் கடையைப் பூட்டினது நான்" என்றார். "ஒரு சாவி என் பையில. இன்னொண்ணு அவ வீட்டு ஆணியில. மாப்பிள்ளை வெறுங்கையோட இங்க ஓடி வந்திருக்கான்."

பின்னறைக் கதவு வழக்கம்போல் பாதி திறந்திருந்தது. நான்கு பேரும் அதைத்தான் பார்த்தார்கள்.

"அப்போ அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது யாரு?" என்றார் அப்பா.